சுசூகாவின் ஏழாவது வளைவு: ஒரு பந்தயத் தடத்தின் இயல்பும் 2014 விபத்தும்

2014 அக்டோபர் 5 அன்று ஜப்பானின் சுசூகா தடத்தில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தின் 43-வது சுற்றில், மருசியா அணியின் ஓட்டுநர் ஜூல் பியான்கி டன்லப் எனப்படும் ஏழாவது வளைவில் காரின் கட்டுப்பாட்டை இழந்து, தடத்துக்கு வெளியே வேறொரு காரை அகற்றிக்கொண்டிருந்த கிரேனின் பின்புறத்தில் மோதினார். ஒன்பது மாதங்களுக்கு மேல் நினைவு திரும்பாமலே இருந்த அவர், 2015 ஜூலை 17 அன்று பிரான்ஸின் நீஸ் நகரில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 25. 1994-இல் இத்தாலியின் இமோலா தடத்தில் ரோலண்ட் ராட்சன்பெர்கரும் அயர்ட்டன் சென்னாவும் உயிரிழந்த பிறகு, ஃபார்முலா ஒன் பந்தய வாரத்தில் ஏற்பட்ட காயத்தால் ஓட்டுநர் ஒருவர் இறந்தது அதுவே முதல் முறை.

இந்த விபத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் ஒரு சாரார் ஓட்டுநரின் வேகத்தையும், மற்றொரு சாரார் கிரேனையும் காரணமாகச் சொல்கிறார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் இவற்றோடு அந்தத் தடத்தின் இயல்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் நிகழ்வு முழுமையாக விளங்கும் என்பது இந்த ஆய்வின் நிலைப்பாடு. சுசூகாவில் எந்த வளைவும் தனித்து நிற்பதில்லை. ஒரு வளைவில் செய்த பிழைக்கு அடுத்த வளைவிலோ அதற்கும் அடுத்த வளைவிலோ விலை கொடுக்க நேரிடும். அங்கே பெய்யும் மழையும் விழுந்த இடத்தில் நிற்காமல் சரிவைத் தேடி ஓடும். இப்படி எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்த ஒரு தடத்தில், ஆபத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எவ்வளவு வேகம் குறைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு ஓட்டுநரின் கணிப்புக்கும் விட்டுவிட்ட ஒரு விதிமுறை 2014 வரை நடைமுறையில் இருந்தது.

மேட்டு நிலத்தில் பிறந்த தடம்

மியே மாநிலத்தில் உள்ள சுசூகா தடம் 1962-இல் திறக்கப்பட்டது. ஹோண்டா நிறுவனம் தன் வாகனங்களைச் சோதிக்கவும் ஜப்பானில் பந்தயங்களை வளர்க்கவும் இதைக் கட்டியது. வடிவமைத்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த யோன் ஹூகன்ஹோல்ட்ஸ். நெல் விளையும் வயல்களை அழித்துத் தடம் போடக் கூடாது என்று நிறுவனர் சோய்ச்சிரோ ஹோண்டா உறுதியாக இருந்ததால், சமதளத்தை விட்டுவிட்டு மேடும் பள்ளமுமான குன்றுப் பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது. பின்னாளில் ஓட்டுநர்கள் இத்தடத்தைக் கொண்டாடியதற்கும் அஞ்சியதற்கும் பெரும்பாலான காரணங்கள் அந்த ஒரு முடிவிலிருந்தே தொடங்குகின்றன என்று நான் நினைக்கிறேன். தடத்தின் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் மிக உயர்ந்த இடத்துக்கும் இடையே சுமார் 40 மீட்டர் வித்தியாசம் உண்டு. தட்டையான நிலத்தில் வரைந்த வளைவைக் கண்ணால் முழுமையாகப் பார்த்துவிடலாம். ஏறியும் இறங்கியும் செல்லும் வளைவின் மறுபாதியை நினைவிலிருந்துதான் ஓட்ட வேண்டும்.

இப்போதைய நீளம் 5.807 கிலோமீட்டர், வளைவுகள் 18, ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குச் சுற்றுகள் 53. ஃபார்முலா ஒன் தடங்களில் இது ஒன்றுதான் எட்டு என்ற எண்ணின் வடிவில் தன்னைத் தானே குறுக்கே கடந்து செல்கிறது. பின்நேர்பாதை ஒரு பாலத்தின் மேல் செல்ல, முன்பகுதி அதன் அடியில் நுழைந்து வெளியேறுகிறது. இதனால் பாதிச் சுற்றை வலஞ்சுழியாகவும் மீதியை இடஞ்சுழியாகவும் ஓட்ட வேண்டியிருக்கிறது. மற்ற பல தடங்களில் ஒரு பக்கத்து டயர்களே பெரும்பாலான சுமையைத் தாங்கித் தேயும். இங்கே இரு பக்கங்களும் ஏறக்குறைய சமமாக வாட்டப்படுகின்றன. காரின் ஏதோ ஒரு குறையை ஒரு பக்கம் மறைத்துவைத்துப் பந்தயத்தை முடிக்கலாம் என்ற எண்ணத்துக்கு இத்தடம் இடம் தருவதில்லை.

முதல் ஏழு வளைவுகள்

தொடக்க நேர்பாதை கீழ்நோக்கி இறங்கி முதல் வளைவை அடைகிறது. அதிவேகத்தில் வலப்புறம் திரும்பிக்கொண்டே பிரேக் போட வேண்டிய இடம் அது. உள்ளே போகப் போக அது இறுகி இரண்டாவது வளைவாகிறது. அதிலிருந்து வெளியேறிய உடனே எஸ் வளைவுகள் தொடங்குகின்றன. இடம், வலம், இடம், வலம் என்று நான்கு வளைவுகள். அவை முடியும் இடத்தில் நீண்டு ஏறிச்செல்லும் இடப்புற வளைவு. அதுவே ஏழாவது வளைவான டன்லப்.

இந்த ஐந்து வளைவுகளை ஒரே வளைவாகக் கருதி ஓட்டுகிறவரே இங்கே வேகமாக ஓட்ட முடியும். மூன்றாவது வளைவை விட்டு வெளியேறும்போது கார் ஒரு சாண் அளவு அதிகமாக வெளியே போய்விட்டால், நான்காவது வளைவுக்குள் நுழையும் கோணம் கெடுகிறது. அதைச் சரிசெய்யக் கூடுதலாகத் திருப்பும்போது முன் டயர்களின் பிடிப்பு வீணாகி, ஐந்தாவது வளைவில் கார் சொன்ன பேச்சைக் கேட்க மறுக்கிறது. ஆறாவது வளைவில் ஆக்சிலேட்டரை விட வேண்டியதாகிறது. விட்டால் டன்லப் ஏற்றத்தில் வேகம் கிடைப்பதில்லை. வளைவுகளுக்கு இடையே மூச்சு விட ஒரு நேர்பாதை இருந்திருந்தால், பிழை அந்த இடத்தோடு முடிந்திருக்கும். இங்கே அது கடன் போல வட்டியோடு வளர்ந்துகொண்டே செல்கிறது. பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பதைத் தீர்மானிக்கும் தகுதிச்சுற்றில் ஒரு கார் எவ்வளவு நல்லது என்பதை இந்த முதல் பகுதியே காட்டிக்கொடுத்துவிடுகிறது என்று பொறியாளர்கள் கருதுவதில் வியப்பில்லை.

இடமும் குறைவு. தடம் குறுகலானது, ஓரக்கல்லைத் தாண்டினால் புல்லும் சரளைப் படுகையும், அவற்றுக்கு அப்பால் அதிகத் தொலைவில் இல்லாத தடுப்புகளும். அண்மைக் காலத்தில் கட்டப்பட்ட தடங்களில் வழி தவறிய ஓட்டுநர் அகன்ற தார்ப்பரப்பில் சுற்றித் திரும்பி வந்துவிடலாம். சுசூகாவில் பிழைக்குத் தண்டனை உடனே கிடைத்துவிடுகிறது. அதை ஓட்டுநர்கள் விரும்புவதற்கும் அதுதான் காரணம்.

மற்ற பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். டெக்னர் வளைவுகள் எர்ன்ஸ்ட் டெக்னரின் பெயரைத் தாங்கியுள்ளன. 1962-இல் நடந்த தொடக்கப் பந்தயத்தில் அவர் 50 சிசி சுசுகி மோட்டார் சைக்கிளிலிருந்து அங்கே விழுந்தார். ஒரே வளைவாக இருந்த அது, 1987-இல் ஃபார்முலா ஒன் பந்தயம் சுசூகாவுக்கு வந்தபோது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பாலத்தின் அடியில் சென்று, கொண்டை ஊசி வளைவைத் தாண்டி, ஸ்பூன் என்ற இரட்டை வளைவின் வழியாகப் பின்நேர்பாதைக்கு வருகிறோம். அதன் முடிவில் 130 மீட்டர் ஆரத்தால் பெயர் பெற்ற 130ஆர். 2002-இல் தகுதிச்சுற்றின்போது ஆலன் மெக்னிஷ் ஓட்டிய டொயோட்டா அங்கே பின்புறமாகச் சென்று தடுப்பையே துளைத்தது; அவர் பெரிய காயமின்றித் தப்பினார், வளைவு 2003-இல் மாற்றியமைக்கப்பட்டது. அதே 2003 ஏப்ரலில், 130ஆர் வளைவுக்கும் அதற்கு அடுத்த குறுக்குத் திருப்பத்துக்கும் இடையே விபத்துக்குள்ளான மோட்டார் சைக்கிள் வீரர் டைஜிரோ கட்டோ இரு வாரங்களுக்குப் பின் இறந்தார். மோட்டோஜிபி பந்தயம் அதன் பிறகு சுசூகாவுக்குத் திரும்பவில்லை.

அன்றைய நாள்

பான்ஃபோன் என்ற சூறாவளி ஜப்பானை நெருங்கிக்கொண்டிருந்தது. பந்தயம் பிற்பகல் 3 மணிக்கு, எல்லாக் கார்களையும் மெதுவாக வரிசையில் அழைத்துச் செல்லும் பாதுகாப்புக் காரின் பின்னால் தொடங்கி, இரண்டு சுற்றுகளிலேயே சிவப்புக் கொடியால் நிறுத்தப்பட்டு, மழை தணிந்ததும் மீண்டும் தொடர்ந்தது. தடம் ஓரளவு உலர்ந்ததால் ஓட்டுநர்கள் முழுமழை டயர்களைக் கழற்றிவிட்டு இடைநிலை டயர்களுக்கு மாறினர். பந்தயத்தின் இறுதிக் கட்டத்தில் மழை மறுபடியும் வலுத்தது, வெளிச்சமும் குறைந்துகொண்டிருந்தது.

இங்கே டயர் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டயர் தரையைத் தொடுவதற்கு, இடையில் உள்ள நீரை அதன் பள்ளங்கள் வெளியேற்ற வேண்டும். டயர்களை வழங்கிய பிரெல்லி நிறுவனம் அக்காலத்தில் கூறிய அளவின்படி, உச்ச வேகத்தில் முழுமழை டயர் ஒன்று விநாடிக்கு 65 லிட்டர் நீரை விலக்கும். இடைநிலை டயர் 25 லிட்டர் மட்டுமே. தேய்ந்த டயரில் பள்ளங்கள் ஆழம் குறைந்துவிடுவதால் இந்த அளவு இன்னும் சுருங்கும். விலக்க முடியாத அளவு நீர் வரும் கணத்தில் டயர் தரையை விட்டு நீர்ப்படலத்தின் மேல் ஏறிவிடுகிறது. அதன் பின் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் எதையும் பற்றிக்கொள்வதில்லை. ஓட்டுநருக்கு இது படிப்படியாக வரும் எச்சரிக்கையாக இருப்பதில்லை. இருந்த பிடிப்பு ஒரே நொடியில் இல்லாமல் போகிறது.

டன்லப் வளைவில் நடந்தது இதுதான். ஏற்றத்தில் உள்ள அந்த இடத்தில், மழைநீர் தடத்தின் குறுக்காகவும் தடத்தின் போக்கிலேயும் ஓடிவந்து, ஓரளவு உலர்ந்திருந்த ஓட்டப்பாதையைத் திடீரெனக் குறுகலாக்கியது. 42-வது சுற்றில் சௌபர் அணியின் அட்ரியன் சூட்டில் அந்த நீரில் கால் வைத்து, சுழன்று, வெளிப்புறத் தடுப்பில் மோதினார். ஆபத்து இருக்கிறது, வேகத்தைக் குறையுங்கள் என்று உணர்த்தும் இரட்டை மஞ்சள் கொடிகள் அசைக்கப்பட்டன; அவரது காரை அகற்ற நடமாடும் கிரேன் ஒன்று தடுப்புக்கு முன்னால் வந்தது. அடுத்த சுற்றில் பியான்கி அதே இடத்தில் அதே நீரில் சறுக்கினார்.

இரண்டு விநாடிகள்

கட்டுப்பாடு இழந்தபோது பியான்கியின் வேகம் மணிக்கு 213 கிலோமீட்டர். கிரேனில் மோதியபோது 126. இடைப்பட்ட நேரம் இரண்டு விநாடிகளுக்குச் சற்று மேல். காரின் பின்பகுதி விலகியபோது அதைத் திருத்த அவர் எதிர்த்திசையில் திருப்பிய அளவு கூடிவிட்டதால், சூட்டில் வெளியேறிய இடத்துக்கு முன்னதாகவே அவர் தடத்தை விட்டு வெளியேறினார். சூட்டில் சென்ற வழியிலேயே போயிருந்தால் அவர் தடுப்பில் மோதியிருக்கக்கூடும். முன்னதாக வெளியேறியதால் அவரது பாதை நேராகக் கிரேனை நோக்கி அமைந்தது.

வெளியேறிக்கொண்டிருந்தபோது அவர் இரு கால்களாலும் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒருசேர அழுத்தினார். அத்தகைய நேரத்தில் எஞ்சினை நிறுத்திவிட ஒரு தற்காப்பு மென்பொருள் காரில் இருந்தது. ஆனால் மருசியா காரின் பின்சக்கர மின்னணு பிரேக் அமைப்பு தனித்துவமானது. அது அந்தத் தற்காப்பு அமைப்போடு ஒத்துப்போகாததால் எஞ்சின் நிறுத்தப்படவில்லை. மோதல் வேகத்தில் இதனால் எவ்வளவு மாற்றம் ஏற்பட்டது என்பதை விசாரணையாளர்களால் நம்பகமாக அளவிட முடியவில்லை.

கார் 700 கிலோ, கிரேன் 6,500 கிலோ. மணிக்கு 126 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 35 மீட்டர். அந்த வேகத்தில் காரிடம் எஞ்சியிருந்த ஆற்றல் 4 லட்சம் ஜூலுக்கு மேல். சுமார் 62 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழும் பொருள் தரையைத் தொடும் வேகமும் இதுவே. டயர் தடுப்பாக இருந்திருந்தால் அது நசுங்கி இந்த ஆற்றலில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டிருக்கும். கிரேன் நசுங்காது, அதன் பின்புறம் தரையிலிருந்து உயர்ந்து சரிவாக இருந்ததால் காரின் மூக்கு அடியில் நுழைந்துவிட, பியான்கியின் தலைக்கவசம் அந்தச் சரிவான அடிப்பகுதியில் நேரடியாக மோதியது. மருத்துவக் குழு விரைந்து செயல்பட்டது. அவர் ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். பந்தயம் நிறுத்தப்பட்டு, 44-வது சுற்றின் நிலைப்படி லூயிஸ் ஹாமில்டன் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார்.

அறிக்கையும் 384 என்ற எண்ணும்

எஃப்.ஐ.ஏ. எனப்படும் சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு பத்துப் பேர் கொண்ட குழுவை அமைத்தது. அக்குழு 396 பக்க அறிக்கையை அளித்தது. பியான்கி போதிய அளவு வேகத்தைக் குறைக்கவில்லை என்றும், இரட்டை மஞ்சள் கொடி விதியை ஓட்டுநர்கள் முறையாகப் பின்பற்றினால் யாருக்கும் உடனடி ஆபத்து நேராது என்றும் அது கூறியது. சூட்டிலின் விபத்துக்குப் பின் அதிகாரிகள் எடுத்த நடவடிக்கைகள், அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் நடந்த 384 நிகழ்வுகளில் கையாளப்பட்ட முறைக்கு ஒத்தவையே என்றும், அதனால் பாதுகாப்புக் காரை அனுப்பியிருக்க வேண்டும் என்பதற்கு வெளிப்படையான காரணம் எதுவும் இல்லை என்றும் அறிக்கை முடிவு செய்தது.

இந்த 384 என்ற எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. அறிக்கை அதை நடைமுறையின் சீர்மைக்குச் சான்றாக வைக்கிறது. என் பார்வையில் அது வேறொன்றைச் சொல்கிறது: பாதுகாப்புக் கார் இல்லாமல் காரை அகற்றும் வழக்கம் அத்தனை முறை பெருந்தீங்கின்றி முடிந்துவிட்டதால், அதில் இருந்த ஆபத்தைக் கேள்வி கேட்க வேண்டிய தேவை எவருக்கும் எழாமல் போயிற்று.

ஏனெனில் எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருந்தது. அதுவும் இதே தடத்தில், இதே வளைவில். 1994 நவம்பர் 6 அன்று கொட்டும் மழையில் நடந்த ஜப்பான் பந்தயத்தில், ஜியானி மொர்பிடெல்லியின் காரை அகற்றிக்கொண்டிருந்த இடத்தில் மார்ட்டின் பிரண்டில் ஓட்டிய மெக்லாரன் நீரில் சறுக்கி வெளியேறியது. அது மீட்பு வாகனத்தை நூலிழையில் தவறவிட்டு, அங்கே பணியிலிருந்த மார்ஷல் (தடத்தின் பாதுகாப்புப் பணியாளர்) ஒருவர் மீது மோதியது. அவரது கால் முறிந்தது. மழை, டன்லப் வளைவு, முன்பே வெளியேறிய கார், அதை அகற்ற வந்த வாகனம், சறுக்கிய இரண்டாவது கார் என்று 2014-இன் எல்லாக் கூறுகளும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரே இடத்தில் கூடியிருந்தன. ஒரு வளைவில் நீர் தேங்கி ஒரு கார் சறுக்கினால் அடுத்த காரும் அங்கேயே சறுக்கும் என்பதும், முதல் காரை அகற்ற வரும் வாகனம் இரண்டாவது காரின் பாதையில்தான் நிற்கும் என்பதும் தற்செயல் அல்ல. சரிவும் நீரோட்டமும் சேர்ந்து அந்த இடத்தை முன்கூட்டியே குறித்து வைத்துவிடுகின்றன.

ஓட்டுநர் மீது சொல்லப்பட்ட குறையையும் நியாயமாக எடைபோட வேண்டும். இரட்டை மஞ்சள் கொடிக்கான விதி வேகத்தைக் கணிசமாகக் குறைக்க வேண்டும், தேவைப்பட்டால் நிற்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று சொன்னது. எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லவில்லை. முன்னே செல்பவரும் பின்னே வருபவரும் எவ்வளவு குறைப்பார்கள் என்று தெரியாத நிலையில், எவரும் தேவைக்கு மேல் இழக்க விரும்பமாட்டார். அதோடு ஒரு பௌதிகச் சிக்கலும் உண்டு. பொதுவாக வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால், வளைவில் தேவைப்படும் பக்கவாட்டுப் பிடிப்பு 19 சதவீதம் குறைகிறது. ஆனால் காரைத் தரையோடு அழுத்தும் காற்றின் விசையும் அதே 19 சதவீதம் குறைந்துவிடுகிறது, டயர்களும் சூடிழக்கின்றன. எனவே சிறிதளவு குறைப்பது, ஓட்டுநர் நம்புகிற அளவுக்குப் பாதுகாப்பைக் கூட்டுவதில்லை. உண்மையான பாதுகாப்புக்குப் பெரிதாகக் குறைக்க வேண்டும். போட்டியில் இருக்கும் ஒருவரிடம் அதை அவரது விருப்பத்துக்கு விட்டுப் பெற முடியாது.

இந்த இடத்தில் அறிக்கையின் மற்றொரு கூற்றை முழுமனதோடு ஏற்கிறேன். ஓட்டுநர் அறையை மூடுவதோ கிரேனுக்குக் கீழ்த்தடுப்பு பொருத்துவதோ இத்தகைய மோதலில் பயன் தராது. பந்தயக் கார் கனரக வாகனத்தில் மோதியும் ஓட்டுநர் பிழைக்கும்படி செய்ய முயல்வதே அடிப்படையில் தவறான வழி. அப்படியொரு மோதல் நடக்கவே விடக் கூடாது என்று குழு எழுதியது.

மாறியவையும் மாறாதவையும்

2015 முதல் மெய்நிகர் பாதுகாப்புக் கார் முறை நடைமுறைக்கு வந்தது. ஆபத்து நேரும்போது எல்லாக் கார்களும் தடம் முழுவதும், குறிக்கப்பட்ட ஒரு குறைந்தபட்ச நேரத்தைவிட விரைவாகக் கடந்துவிடாமல், மெதுவாக ஓட வேண்டும். அந்த அளவு ஸ்டீயரிங்கில் உள்ள திரையில் தெரியும். ஓட்டுநரின் கணிப்புக்கு விடப்பட்டிருந்த முடிவு அவர் கையிலிருந்து எடுக்கப்பட்டது. எல்லோரும் ஒரே அளவில் மெதுவாகச் செல்வதால் யாருக்கும் இழப்பில்லை. பந்தயம் தொடங்கும் நேரத்துக்கும் சூரியன் மறையும் நேரத்துக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. 2015-இல் சுசூகா பந்தயம் பிற்பகல் 2 மணிக்கே தொடங்கியது. தடங்களின் வடிகால் பற்றியும் மென்பொருள் சோதனை பற்றியும் பரிந்துரைகள் இடம்பெற்றன.

2022 அக்டோபரில் சுசூகாவில் மழை மறுபடியும் பெய்தது. முதல் சுற்றிலேயே கொண்டை ஊசி வளைவைத் தாண்டிய பகுதியில் கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரி நீரில் சறுக்கி மோதியது. பாதுகாப்புக் கார் வந்துவிட்டது. ஆனால் கார்கள் அனைத்தும் அதன் பின்னால் வரிசைகட்டும் முன்பே மீட்பு வாகனம் தடத்துக்குள் நுழைந்திருந்தது. பழுதால் பின்தங்கி, வரிசையை எட்டிப்பிடிக்க விரைந்துகொண்டிருந்த பியர் காஸ்லி, நீர்த்தூவலின் நடுவே அந்த வாகனத்தை மிக அருகில் கடந்தார். பியான்கியை நன்கு அறிந்தவர் அவர். அணியோடு பேசும் வானொலியில் அவர் கொதித்துப் பேசியதைக் கேட்ட எவருக்கும் அது மறக்காது. சிவப்புக் கொடியின்போது அளவுமீறி வேகமாகச் சென்றதற்காக அவருக்கும் தண்டனை கிடைத்தது. நிலவிய வானிலையில் மீட்பு வாகனத்தை அனுப்புவதைத் தாமதப்படுத்தியிருப்பதே விவேகமாக இருந்திருக்கும் என்று எஃப்.ஐ.ஏ. தன் ஆய்வில் ஒப்புக்கொண்டது. மெய்நிகர் முறை வேகத்தைக் கட்டுப்படுத்தியது. ஆனால் வாகனம் எப்போது உள்ளே வரலாம் என்ற கேள்வி எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு தனி மனிதரின் அந்த நேரத்து முடிவாகவே இருந்தது. 2014-இல் ஓட்டுநரிடம் விடப்பட்டிருந்த கணிப்பு, 2022-இல் கட்டுப்பாட்டு அறையில் எஞ்சியிருந்தது என்றே இதைப் புரிந்துகொள்கிறேன்.

2024 முதல் ஜப்பான் பந்தயம் ஏப்ரல் மாதத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. 2004-இலும் 2019-இலும் தகுதிச்சுற்றை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளவைத்த சூறாவளிக் காலத்திலிருந்து அது விலகிவிட்டது. ஏப்ரலிலும் அங்கே மழை பெய்யும். எஸ் வளைவுகளிலிருந்து டன்லப் வரை நிலம் இன்றும் அதே சரிவில்தான் ஏறுகிறது. அந்தச் சரிவைச் சமப்படுத்தினால் சுசூகா சுசூகாவாக இருக்காது, அப்படிச் செய்யச் சொல்லவும் நான் துணியமாட்டேன். மழை நாளில் டன்லப் வளைவின் வெளிப்புறத்துக்கு ஒரு கார் போய்விட்டால், மற்ற கார்கள் அனைத்தும் பாதுகாப்புக் காரின் பின்னால் சேரும்வரையோ பந்தயம் நிறுத்தப்படும்வரையோ எந்த வாகனமும் அங்கே நுழையக் கூடாது என்பதை, எவரது கணிப்புக்கும் விடாமல், எழுதப்பட்ட விதியாகவே வைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.